அவளுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

பாரிஸில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, காலை முதல் பாடத்துக்கு நான் போகாவிட்டால் கால் மணி நேரத்துக்குள் அம்மாவின் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். அம்மா ஏதாவது ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலையில் நிற்பார். கையுறையைக் கழற்றிவிட்டு உடனே என்னை அழைப்பார். "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்பார். மூன்று வருடத்தில் இரண்டே முறைதான் அப்படி நடந்தது. இரண்டு முறையும் மெத்ரோ இடையில் நின்றுபோனதுதான் காரணம்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த செப்டெம்பரில் அந்த அழைப்பு நின்றுபோனது. கணிதப் பிரிவு முதலாண்டுக்கு நானூறு பேராவது இருந்திருப்போம். 'அம்பி' என்று எல்லோரும் சொல்லும் பெரிய விரிவுரை மண்டபத்தில் இடம் போதாமல் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் ஒலிவாங்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு கரும்பலகையின் இடது பக்கத்தில் எழுதத் தொடங்குவார். நான் எழுதி முடிக்குமுன் வலது பக்கம் நிரம்பிவிடும். நிமிர்ந்து பார்த்தால் இடது பக்கத்தை அழித்துக்கொண்டிருப்பார். யாரும் கையைத் தூக்கவில்லை. விளங்காதது எனக்கு மட்டும்தான் என்று முதல் வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு வகுப்பறையைத் தேடி இரண்டாம் மாடியில் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு எண்கள் எந்த ஒழுங்கிலும் இல்லை. நடைபாதையின் முடிவில் ஒரு பெண் என்னைப்போலவே நேர அட்டவணையைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓம் அம்மா, வகுப்புக்குள்ளை வந்திட்டன். முன்வரிசையிலை இடம் கிடைச்சிட்டுது. வைக்கிறன்." அவள் வெறும் நடைபாதையில்தான் நின்றாள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதை என் முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். சிரித்துவிட்டு, "அறை எங்கையெண்டு தெரியுமோ?" என்று கேட்டாள். இருவரும் பத்து நிமிடம் பிந்தித்தான் உள்ளே போனோம்.

அவள் பாரிஸின் புறநகரான பொண்டியில் இருந்து வந்தாள். தகப்பன் ஒரு பொதிக் கிடங்கில் வேலை. தாய் ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் நின்றார். மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீடு ரூ பஜோலில், அந்தக் கடைக்குப் பத்து நிமிட நடை. முப்பது முப்பது பேராகப் பிரித்த சிறு வகுப்புகளில் இருவரும் ஒன்றிலேயே இருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுடைய தாய்க்குப் பெரிய சந்தோஷம். வகுப்பு முடிந்து அவளோடு கடைக்குப் போனால், வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடிப்பார்.

"நீ பக்கத்திலை இருக்கிறாய் எண்டதுதான் பிள்ளை எனக்கு நிம்மதி. இவள் பள்ளிக்கூடத்திலை முதலாம் ஆள். இஞ்சை எப்பிடியோ தெரியேல்லை."

"நல்லாத்தான் செய்யிறா அன்ரி," என்றேன். அப்போது அது பொய்யில்லை. எங்கள் இருவருக்குமே இன்னும் ஒரு சோதனையும் நடந்திருக்கவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதியில் முதல் சோதனை வந்தது. எனக்கு இருபதுக்கு ஏழு. அவளுக்கு மூன்று. அவள் தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், பிறகு மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கிக் கையில் பொத்திக்கொண்டாள். "பள்ளிக்கூடத்திலை எனக்குப் பதினெட்டுக்குக் கீழை வந்ததே இல்லை," என்றாள். நான் என் ஏழு புள்ளியைப் பற்றி ஏதோ பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. பல் வைத்தியரிடம் போகவேண்டும், வரவுத்தாளில் எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடு என்று.

அம்பியில் யார் வருகிறார், யார் போகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. சிறு வகுப்பில் மட்டும் வரவுத்தாள் ஒன்று வரிசை வரிசையாகக் கைமாறிவரும். காரணமில்லாமல் மூன்று முறைக்கு மேல் வராவிட்டால் அந்தப் பாடத்தின் பரீட்சைக்கே இடமில்லை. ஆசிரியர் இளைஞர், எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். தாள் சுற்றிவரும்போது பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். அவளுடைய கையெழுத்து ஒரு பெரிய எழுத்தும் நீண்ட வாலும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்தாறு தடவை எழுதிப் பார்த்தேன். பிறகு தாளில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் வயிற்றுவலி. பிறகு ரயில் பிந்தியது. பிறகு காரணம் எழுதுவதை விட்டுவிட்டாள். "இன்றைக்கும் போடு" என்று பிரெஞ்சில் மூன்று சொல் மட்டும் வரும். நான் கட்டைவிரல் அடையாளம் ஒன்றை அனுப்புவேன். நவம்பரில் வகுப்புக்கு அவள் வந்த நாட்களைவிட அவளுக்காக நான் போட்ட கையெழுத்துகள் கூட.

இதற்குள் அம்பியில் யாரும் படிகளில் உட்காருவதில்லை. பின்வரிசைகள் முழுவதும் காலி. எனக்கு முன்னால் தினமும் பச்சைக் குளிர்ச்சட்டையோடு இருந்த ஒருவன் ஒருநாள் இல்லை, பிறகு எந்த நாளும் இல்லை. பேராசிரியர் அதே ஒலிவாங்கியோடு, அதே வேகத்தில் இடது பக்கத்தை அழித்துக்கொண்டிருந்தார். போனவர்கள் வேறு பாடத்துக்கு மாறினார்களா, வீட்டில் படுத்துக்கிடக்கிறார்களா, யாருக்கும் தெரியாது. வந்துகொண்டிருந்த எங்களுக்குள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. மதிய இடைவேளையில் பனிக்குள் நின்று தனியாகப் பாண் தின்றுவிட்டு, கைபேசியில் யாருக்கோ எழுதுவதுபோல் பாவனை செய்வேன். அந்த மாதங்களில் நான் வாய்திறந்து பேசாமலே கழிந்த பகல்கள் பல.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவள் வராத நாட்கள் எனக்கு ஒருவகையில் லேசாக இருந்தன. அவள் இருந்தால் நாங்கள் இருவரும் ஒன்றாகத் தோற்றுக்கொண்டிருப்பது தெரியும். அவள் இல்லாவிட்டால் நான் சமாளித்துக்கொண்டிருப்பவள். இரண்டாம் சோதனையில் எனக்குப் பத்து வந்தது. அன்று மாலை அவளுக்கு அதை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

தாய் மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை. அம்மாவுக்குச் சாமான் வாங்க ரூ காய்க்குப் போனால் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்து உள்ளே கூப்பிடுவார்.

"என்ன பிள்ளை, வகுப்பு நல்லாப் போகுதே? இவளைக் கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லுறாள். காலமை ஏழு மணிக்கு வெளிக்கிட்டா, பின்னேரம் அஞ்சரைக்குத்தான் கடைக்கு வாறாள். முகம் வாடிப்போயிருக்கு. அவ்வளவு படிப்போ?"

"ஓம் அன்ரி. முதல் வருசம் கொஞ்சம் கஷ்டம்தான்."

"பக்கத்திலைதானே இருக்கிறனீங்கள்?"

"ஓம் அன்ரி."

கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்தரை வரை அவள் வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. அப்படியானால் எங்கே?

அது நவம்பர் கடைசியில் தெரிந்தது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே ஏறப்போனபோது, எதிர்மேடையில் நின்ற தெற்கு நோக்கிப் போகும் ரயிலுக்குள் அவள் இருந்தாள். ஜன்னலோரம், புத்தகப் பையை மடியில் வைத்து, கண்ணாடியில் தலை சாய்த்து. நான் ஓடிப்போய் ஏறினேன். என்னைக் கண்டதும் அவள் திடுக்கிடவில்லை. பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"எங்கை போறாய்?"

"கடைசி மட்டும்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ரயிலுக்குள்ளை சூடு. அவ்வளவுதான்."

ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகப் போனோம். பாரிஸ் நகரத்தின் கட்டடங்கள் முடிந்து, கிடங்குகள் முடிந்து, மரங்கள் வந்தன. அவள் எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று சரியாகச் சொன்னாள். நான் விட்டுப்போன பாடங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். எந்த அத்தியாயம் முடிந்தது, பரீட்சைக்கு எது வரும், என் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றெல்லாம். அவள் தலையாட்டினாள். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் மேடையின் நுனிவரைக்கும் நடந்தாள். அங்கே கூரை இல்லை, விளக்கும் இல்லை. ஓர் இருக்கை, அதற்கப்பால் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் கீழே ஆறு. மழைக்குப் பிறகு தண்ணீர் மண்ணிறமாக, மிக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு நாளும் இஞ்சையோ வாறனீ?"

"அநேகமா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

நானும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் திரும்பும் ரயில் வந்தது. ஏறினோம். ரூ காய் முனையில் பிரியும்போது, "அம்மாக்குச் சொல்லிப்போடாதை," என்றாள். "சொல்லமாட்டன்," என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவதை ஒரு நல்ல தோழியின் கடமை என்று நம்பினேன்.

டிசம்பரில் பரீட்சைக்கு முன் வந்த கடைசி வியாழக்கிழமை காலை, வழக்கமான செய்தி வந்தது. "இன்றைக்கும் போடு. இதுதான் கடைசி." வகுப்பு அன்றோடு முடிகிறது, அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலை அனுப்பிவிட்டு மெத்ரோவில் ஏறினேன். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தது. தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவளுடையது.

ஆறேகாலுக்கு அவளுடைய தாய் அழைத்தார்.

"பிள்ளை, இவள் உன்னோடையோ நிக்கிறாள்?"

"இல்லை அன்ரி."

"இன்னும் கடைக்கு வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. இண்டைக்கு வகுப்புக்கு வந்தவள்தானே?"

அந்த இடத்தில் ஒரு மூச்சு விட நேரம் இருந்தது. உண்மையைச் சொல்ல அதுவே போதும்.

"ஓம் அன்ரி. நாலு மணிக்கு முடிஞ்சது."

போனை வைத்த பிறகு அவளுக்கு நான் எடுத்தேன். மணியே அடிக்கவில்லை. காலைச் செய்தியைத் திரும்பத் திறந்து பார்த்தேன். "இதுதான் கடைசி." காலையில் வகுப்பைப் பற்றியதாக இருந்த அந்தச் சொற்கள் இப்போது வேறு எதையோ சொல்வதுபோல் இருந்தன. வீட்டு உடுப்போடும் செருப்போடும் ரூ காய்க்கு ஓடினேன். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. தகப்பன் வேலை உடுப்போடு வந்து நின்றார். மூவரும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் தாய் கைப்பைக்குள் கையை விட்டபடியே வந்தார். உள்ளே செபமாலை உருளும் சத்தம் எனக்குக் கேட்டது.

மேசையில் இருந்த பொலிஸ்காரர் களைத்துப்போயிருந்தார், ஆனால் மரியாதையாகப் பேசினார். வயது கேட்டார். பதினெட்டு. கடைசியாக யார், எப்போது பார்த்தது என்று கேட்டார். தாயும் தகப்பனும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான். நான்கு மணிக்கு, வகுப்பில்," என்றேன்.

அவர் அதை எழுதினார். வயது வந்த பெண், வகுப்பிலிருந்து போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, கடைத்தெருவெல்லாம் நத்தார்ப் பண்டிகைக் கூட்டம், நண்பர்களோடு எங்காவது இருப்பாள், போனில் மின் தீர்ந்திருக்கும் என்றார். காலையிலும் வராவிட்டால் வாருங்கள் என்றார். தகப்பன் அவருக்கு நன்றி சொன்னார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். குளிர் கன்னத்தை அறுத்தது. தாய் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ கண்டனீதானே பிள்ளை. நாலு மணிக்கு அவள் நல்லாத்தானே இருந்தவள்? அது காணும் எனக்கு."

என்னால் அந்தக் கைகளை விடுவிக்க முடியவில்லை.

"அன்ரி, நான் காணேல்லை."

"என்ன?"

"அவ இண்டைக்கு வரேல்லை. கன நாளா வரேல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டனான்."

அவர் கோபப்படவில்லை. நான் வேறு மொழியில் பேசியதுபோல என் வாயையே பார்த்தார். தகப்பன்தான் முதலில் அசைந்தார். என் தோளைப் பிடித்துத் திருப்பி, "உள்ளுக்கு வா. இதை அவருக்குச் சொல்லு," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கைபேசியை மேசையில் வைத்துச் செய்தியைக் காட்டினேன். பொலிஸ்காரர் வாசித்தார். அவருடைய முகத்திலிருந்து அந்தச் சமாதானம் போய்விட்டது. எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டினார். அவள் வீட்டைவிட்டுப் போன காலை ஏழு மணி என்று எழுதினார். அவள் போகக்கூடிய இடம் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ரயிலைச் சொன்னேன். கடைசி நிலையத்தைச் சொன்னேன். மேடையின் நுனி, விளக்கில்லாத இருக்கை, வேலி, ஆறு. ஆறு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாய்க்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும். அந்தச் சொல் தெரியும்.

முக்கால் மணி நேரம் நாங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் தாய்க்கும் இடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ரயிலில் பக்கத்து இருக்கையில் வரும் அந்நியர்போல நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். பின்னறைக் கதவு இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாம் முறை அவர் வெளியே வந்து முதலில் தகப்பனைப் பார்த்தார்.

"உயிரோடு இருக்கிறாள்," என்றார்.

ரயில்வே ஊழியர்கள் இருவர் கைவிளக்கோடு மேடை நுனிக்குப் போயிருக்கிறார்கள். அவள் அந்த இருக்கையில் இருந்திருக்கிறாள், மதியத்திலிருந்து. கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. கைகள் விறைத்து, உதடு நீலமாகி இருந்ததாம். பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போயிருந்தால் நிலைமை வேறு என்று அங்கேயிருந்த மருத்துவர் பிறகு தகப்பனிடம் சொன்னார். விடியும்வரை காத்திருங்கள் என்று பொலிஸ்காரர் முதலில் சொன்னது என் பேச்சை நம்பித்தான்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். தகப்பன் நடைபாதைக்கு வந்து, "நீ வீட்டை போ, பிள்ளை," என்றார். குரலில் கடுமை இல்லை. கதவு இடைவெளியில் அவளுடைய கால்கள் மட்டும் போர்வைக்கு அடியில் தெரிந்தன.

பரீட்சைக்கு முதல் நாள் ஆசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டேன். எத்தனை முறை என்று கேட்டார். ஏழு என்றேன். அவர் வரவுத்தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எது அவளுடையது, எது என்னுடையது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அவ்வளவு கவனமாகப் போட்டிருந்தேன். தாள்களை மூடிவைத்துவிட்டு, "இந்த ஏழு வாரமும் அவள் எனக்கு முன்னால் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்," என்றார். விசாரணைக் குழு எனக்கு எச்சரிக்கை தந்தது. அந்தப் பாடத்தில் பூச்சியம் போட்டார்கள். வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில், "நீயாவது ஒழுங்காப் போனனியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நம்புவதைத் தவிர அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. முதலாண்டை நான் இரண்டாம் முறை படித்தேன்.

அவள் திரும்ப வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவளே அழைத்தாள். பொண்டி நிலையத்துக்கு முன்னாலுள்ள கபேயில் சந்தித்தோம். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் தொழில் பழகிக்கொண்டே படிக்கிறாள். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தாள். அன்றைய நாளைப் பற்றி அவளாகவே சொன்னாள்.

"கடைசி எண்டு நான் வகுப்பைத்தான் சொன்னனான். அங்கை போய் இருந்த பிறகுதான் எழும்ப ஏலாமல் போச்சு. ரயில் வரும், போகும். அடுத்ததிலை ஏறுவம், அடுத்ததிலை ஏறுவம் எண்டு." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "தண்ணியையும் பாத்தனான். இல்லை எண்டு சொல்லமாட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேன், கையெழுத்துகளுக்காக. அவள் கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள்.

"அதை நான்தானே கேட்டனான். நான் வேறை ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு ரயிலிலை ஒரு மணித்தியாலம் எனக்குப் பக்கத்திலை இருந்தனீ. எல்லா அத்தியாயத்தையும் சொன்னனீ. என்ன நடக்குது உனக்கு எண்டு ஏன் ஒருக்காலும் கேக்கேல்லை?"

ஒன்றரை வருடம் எனக்கு நானே சொல்லிவைத்திருந்த பதில்கள் இருந்தன. சின்ன வயது, விளங்கவில்லை, நீ விரும்பமாட்டாய் என்று நினைத்தேன். அவற்றை விட்டுவிட்டேன்.

"கேட்டா நீ சொல்லிப்போடுவாய் எண்டு பயம்," என்றேன். "நீ திரும்பி வந்திருந்தா, நானும் உன்னோடை தோத்துக்கொண்டிருக்கிறன் எண்டு தெரிஞ்சிருக்கும் எண்டும் ஒரு பயம்."

அவள் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு இன்னொரு கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் சந்திக்கிறோம். அவள் வர ஐந்து நிமிடம் பிந்தினால் எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். அவளுக்கு அது தெரியும், புறப்படும்போதே செய்தி போட்டுவிடுவாள். அவளுடைய தாய் அதே சேலைக் கடையில்தான் நிற்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் கண்ணாடிக்குப் பின்னால் நிமிர்ந்து பார்ப்பார், பிறகு குனிந்து சேலையை மடிக்கத் தொடங்குவார்.